ஆசான் வாய் திறந்ததும் அவை அடங்குவதேன்?

நன்னூல் படித்துத் தமிழ் கற்ற பரம்பரை நாம். அந்நூலுக்கு நாவலர் பெருமான் காண்டிகையுரை கண்ட மண்ணிலே பிறந்தோம். ஆயினும் அந்நூலின் முகப்பிலேயே பவணந்தி முனிவர் போட்டுக் காட்டிய ஒரு கணக்கை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம். ஆசான் உரைத்ததை அணுவளவும் வழுவாது ஏற்றுக்கொண்ட மாணவனுக்கும் புலமையிற் காற்பங்குதான் கைகூடும். உடன் கற்பாரோடு கலந்து பழகுவதால் இன்னொரு காற்பங்கு வரும். தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும். இதுவே அக்கணக்கு. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு துறவி ஆசிரியனுக்கு ஒதுக்கிய பங்கு கால். நமது பல்கலைக்கழகங்களிலே இன்று ஆசிரியர் எடுத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு?

குறிப்பாக, பட்டம் பெற்றபின் முதுமாணிக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் கற்போரை எண்ணியே இக்கேள்வியை எழுப்புகின்றேன். இவர்களிற் பெரும்பாலோர் சிறுபிள்ளைகள் அல்லர். ஒருவர் முல்லைத்தீவிலே பாடசாலை ஆசிரியர். ஒருவர் வவுனியாவிலே விவசாயப் போதனாசிரியர். இன்னொருவர் இரண்டு பிள்ளைகளின் தாய். வாரக் கடைசியிலே வகுப்புக்கு வந்து, வார நாட்களிலே பிழைப்பைப் பார்ப்பவர்கள். இவர்கள் கூடியிருந்து வாதிட ஒரு மண்டபமும் இல்லை, ஒரு மாலைப்பொழுதும் இல்லை. ஆகவே இவர்களின் விவாதம் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் குடிபெயர்ந்துவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றினால் பல்கலைக்கழகங்களின் வாயில்கள் மூடப்பட்டபோது வேறு வழியின்றித் தொடங்கிய பழக்கம், 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்ட காலத்தில் இறுகி, இப்பொழுது நிலைத்துவிட்டது. இரவு எட்டு மணிக்கு ஒருவர் ஒரு கேள்வியை எழுதி வைப்பார். விடியற்காலை நான்கு மணிக்கு, அடுப்பு மூட்டுமுன், இன்னொருவர் மறுமொழி எழுதுவார். நம் கமக்கார அன்பர்களுக்குப் புரியும்படி சொல்வதானால், சங்கக்கடைத் திண்ணையிலே மாலை தோறும் நடக்கும் பேச்சு, குரலின்றி எழுத்திலே நடக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்திண்ணையில் ஆசிரியர் வந்து அமரலாமா? அமர்ந்தால் பேசலாமா? பேசினால் எவ்வளவு பேசலாம்?

இது பட்டதாரிகளின் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று மண்வெட்டி பிடிப்பவர் எண்ணலாம். அப்படியன்று. நான் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுகின்றேன்.

என் நண்பர் ஒருவர் விரிவுரையாளர். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கு வேண்டாம். நல்ல மனிதர், நுணுகிக் கற்றவர். தம் மாணவர் குழுவொன்றின் எழுத்துரையாடலை என்னிடம் காட்டினார். பொருள், குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டிற்குச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி நிற்கும் மழைநீரே உயிர். அக்கல் மேலிருந்து விழுவதை வடிகட்டித் தருவதில்லை; தோட்டத்துக்கு இட்ட உரமும் மலக்குழியிலிருந்து கசிவதும் அதனூடே இறங்கிக் கிணற்றைச் சேர்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வரையறை. மேற்பட்டால் முதலிற் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. இனிச் சொல்லுங்கள், இது யார் வீட்டு விவகாரம்?

குழுவிலே ஒரு மாணவி கேட்டிருந்தார்: ஒரே கிணற்றிலே கோடையில் எடுத்த அளவும் மாரியில் எடுத்த அளவும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? மூவர் மறுமொழி எழுதினர். ஒருவர் மாதிரி எடுத்த ஆழத்தைக் கேட்டார். ஒருவர் பக்கத்து வீட்டு மலக்குழியைச் சுட்டினார். பேச்சு சூடு பிடிக்கும் வேளை. நண்பர் உட்புகுந்து நான்கு வரி எழுதினார்: மழைநீர் கலப்பதால் மாரியிற் செறிவு குறையும், கோடையிற் கூடும், இன்ன நூலிற் காண்க. அதன்கீழே வரிசையாகப் பதினொரு பேர், "நன்றி சேர்", "நன்றி சேர்". அவ்வளவுதான். விளக்கணைந்தது.

விடை பிழையன்று; பாதி விடை. முதல் மழை தோட்டத்திற் கிடக்கும் உரத்தைக் கரைத்துக் கீழே இறக்கும் என்பதும் உண்மையே. கலந்து குறைப்பது ஒன்று, கரைத்துக் கூட்டுவது ஒன்று. எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில் எது மிஞ்சும் என்பதை அளந்தே அறிய வேண்டும். அந்தப் பதினொருவரில் ஒருவர் வெங்காயத் தோட்டத்தில் வளர்ந்தவர். தகப்பன் எப்போது உரம் போடுவார், முதல் மழைக்குப் பின் கிணற்று நீரைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எழுத வாயெடுத்திருந்தாராம். "சேர் சொல்லிவிட்டார், பிறகு நான் என்ன எழுதுவது?" என்று பின்னர் நண்பரிடமே சொன்னார். ஒரு நல்ல ஆராய்ச்சிக் கேள்வி, ஒரு நல்ல மனிதரின் நல்ல எண்ணத்தாலே செத்தது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ண் நகரிலுள்ள சுவின்பேர்ண் பல்கலைக்கழகம் வானியலை முழுவதும் இணையத்தின் வழியாகவே பட்டப்பின் படிப்பாகக் கற்பித்து வந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து கற்ற மாணவர்கள் எழுத்து வடிவிலேயே விவாதித்தனர். அங்கு கற்பித்த மாகிரட் மசோலினி, சாரா மடிசன் என்னும் இருவர், ஆசிரியரின் தலையீடு அவ்விவாதங்களை என்ன செய்கின்றது என்று ஆராய்ந்து 2003ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆசிரியர் மேடையில் நிற்கும் ஞானியாக இருக்க வேண்டுமா, பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியாக இருக்க வேண்டுமா, அன்றித் திரைமறைவில் உலாவும் ஆவியாக இருக்க வேண்டுமா என்பதே அவர்கள் தொடுத்த வினா. கண்டது யாது? ஆசிரியர் எவ்வளவுக்கு அதிகமாக எழுதினாரோ அவ்வளவுக்கு மாணவர் எழுதுவது குறைந்தது. விவாதச் சரங்களும் குறுகின. 2007இல் மறுபடியும் விரிவாக ஆராய்ந்தனர். ஆசிரியர் அதிகம் எழுதுவது மாணவரை அதிகம் எழுத வைக்கவில்லை. சரங்கள் குறுகியே இருந்தன. பேச்சை வளர்க்கலாம் என்று ஆசிரியர் தாமே புதிய தலைப்புகளைத் தொடக்கி வைத்த முயற்சியும் பலிக்கவில்லை.

இத்துடன் நின்றிருந்தால், ஆசிரியரே, ஒதுங்கி நில்லும் என்று நான் தீர்ப்புக் கூறி இக்கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் அதே 2003ஆம் ஆண்டு ஆய்விலே ஒரு வேடிக்கையும் உண்டு. அதிகமாக எழுதிய ஆசிரியரையே மாணவர் ஆர்வமிக்கவர் என்றும் துறைபோகியவர் என்றும் மதிப்பிட்டனர். தங்கள் வாயை அடைத்தவரையே அவர்கள் மெச்சினர்! மாணவரிடம் மதிப்பெண் பெறத் துடிக்கும் ஆசிரியருக்கு இது எவ்வளவு பெரிய சபலம் என்பதைச் சொல்ல வேண்டுமா? பேசப் பேசப் புகழ் வளரும். மாணவர் பேச்சு தேயும். மேடை அரசியல்வாதிகளை வளர்த்துவிட்ட நமக்கு இது புதிய பாடமும் அன்று.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். இரண்டு சேர்ந்து நிகழ்வதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. பேச்சு மந்தமாயிருக்கும் குழுவிலேதான் ஆசிரியர் பதறிப்போய் அதிகம் எழுதுகிறார் என்றும் கொள்ள இடமுண்டு. சரம் நீண்டால் விவாதம் சிறந்தது என்பதும் இல்லை. நேரிய ஒரு விடை நீண்ட பிதற்றலை முடித்துவைப்பது நன்மையே. வைத்தியரும் பொறியியலாளருமான நம் வாசகர் இவ்விரண்டு ஐயங்களையும் எழுப்புவர், எழுப்பவும் வேண்டும்.

எதிர்த்தரப்புச் சான்றும் வலுவானதே. கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரிசன், அண்டர்சன், ஆச்சர் என்னும் மூவர், பட்டப்பின் மாணவரின் எழுத்துரையாடல்களைப் பிரித்து ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். ஆராயும் குழு ஒன்று உயிரோடிருக்க அறிவின் முன்னிலை, தோழமையின் முன்னிலை, கற்பித்தலின் முன்னிலை என மூன்றும் வேண்டும் என்பது அவர் கொள்கை. அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வோ சற்று மனத்தைச் சுடுவது. மாணவர் எழுதியவற்றிலே பெரும்பகுதி, எண்ணங்களைத் துழாவும் பருவத்திலேயே நின்றுவிட்டது. துழாவியவற்றைக் கோத்து ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தவை மிகச் சில. அவரவர் தமக்குத் தோன்றியதைச் சொல்லிக் கலைந்தனர் என்பதே இதன் பொருள். திண்ணைப் பேச்சின் இயல்பும் அதுவல்லவா? ஆவியாக உலாவும் ஆசிரியரால் இதனைத் தீர்க்க முடியாது.

ஆயினும் அம்மூவரின் சொல்லாட்சியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆசிரியரின் முன்னிலை என்று அவர்கள் சொல்லவில்லை. கற்பித்தலின் முன்னிலை என்றனர். அப்பணியை மாணவருள் ஒருவரும் ஏற்கலாம் என்பது அவர்கள் கருத்து. பவணந்தியாரின் அரைப்பங்கு இங்கே வேறு உடையில் வந்து நிற்கின்றது.

ஆக, கேள்வி "எவ்வளவு" என்பதன்று. "எப்பொழுது" என்பதே என நான் கருதுகின்றேன். துழாவும் பருவத்தில் ஆசிரியர் வாய் திறப்பது முளைக்கும் விதையைக் கிளறிப் பார்ப்பது போன்றது. துழாவி முடிந்து, நான்கு கருத்துகள் ஒன்றோடொன்று மோதி நிற்கும் வேளையில் அவர் வாராதிருப்பதோ, கதிர் முற்றிய வயலுக்கு அரிவாளோடு போகாதிருப்பது. நம் ஆசிரியரிற் பலர் இவ்விரண்டையும் மாற்றிச் செய்கின்றனர். முதல் நாளே விடை சொல்லிவிடுவர்; பத்தாம் நாள் அவரைக் காணக் கிடைக்காது.

ஆசிரியரும் மாணவரும் ஒரே பாயில் அமர்ந்து ஆராய்வது இணையத்தோடு பிறந்த புதுமையன்று. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலே பேர்லினில் வரலாற்றாசிரியர் ரங்கே தம் வீட்டிலேயே மாணவரைக் கூட்டி மூல ஆவணங்களை ஒவ்வொன்றாய் ஆராயப் பழக்கினார். அம்முறை 1876இல் நிறுவப்பட்ட அமெரிக்க யோன் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் குடியேறி, அங்கிருந்து எங்கும் பரவிற்று. கேம்பிறிட்ஜிலே றதபோட்டின் ஆய்வுகூடத்திற்கு வந்து சேர்ந்த ருஷ்ய இளைஞர் கப்பிற்சா, ஆங்கில மாணவரின் கூச்சத்தைக் கண்டு 1922இல் ஒரு கழகம் தொடங்கினார். கிழமைதோறும் ஒரு மாலையில் கல்லூரி அறையொன்றிற் கூடுவர்; பேசுபவரை யாரும் எவ்விடத்தும் இடைமறித்துக் கேட்கலாம். 1932 பெப்புருவரியில் சட்விக் தாம் கண்டுபிடித்த நியூத்திரனைப் பற்றி இந்தச் சின்னஞ்சிறு கூட்டத்திலேதான் எடுத்துரைத்தார். அண்மைக்கு வந்தால், 2009இல் கலிபோணியாவின் பேர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவரும் இளம் ஆய்வாளருமாகிய சிலர் கணிதத்துக்கென இணையத்திலே ஒரு வினாவிடை மன்றம் அமைத்தனர். கணித உலகின் உச்சப் பரிசாகிய பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற வில்லியம் தேர்ஸ்ரன் அங்கே வந்து பெயரறியா மாணவரின் கேள்விகளுக்கு மறுமொழி எழுதினார். கப்பிற்சாவின் கழகத்துக்கும் இந்த மன்றத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. திண்ணை மாணவருடையது, பெரியவர் அங்கே விருந்தாளி. நம் நாட்டிலோ திண்ணையும் ஆசிரியருடையது, விளக்கும் அவருடையது, அணைக்கும் கையும் அவருடையது.

நமது நிலைமைக்கு வேறு மூன்று காரணங்களும் உண்டு. தேர்வாளரும் அவரே என்பது முதலாவது. ஆய்வேட்டுக்குக் கையெழுத்திட வேண்டியவரை எழுத்திலே மறுத்துரைக்க எந்த மாணவன் துணிவான்? காற்றில் கரையும் வாய்ப்பேச்சு வேறு. எழுதி வைத்தது அழியாது நிற்கும். இரண்டாவது மொழி. விஞ்ஞானத் துறைகளில் ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படுவது ஒருபுறமிருக்க, கூடிப் பேசும் இடத்திலும் ஆங்கிலத்தையே வற்புறுத்துவதால் வெங்காயத் தோட்டத்துப் பிள்ளை இரண்டு முறை வாயடைக்கப்படுகிறார். ஒருமுறை அச்சத்தால், மறுமுறை இலக்கணத்தால். ஏட்டை ஆங்கிலத்தில் எழுதுக. வாதத்தைத் தமிழில் நடத்துவதால் எந்த அறிவியலும் குறைந்துவிடாது. வெளிநாட்டு மாநாட்டுக்கு ஆங்கிலம் வேண்டுமே என்பார், ஆராய்ச்சி முடிந்தபின்னரே மாநாடு என்பதை மறக்கின்றனர்.

மூன்றாவது காரணத்தைக் கூறாதுவிட்டால் ஆசிரியருக்கு அநீதி இழைத்தவனாவேன். இரவு பத்து மணிக்கு மாணவரின் ஐம்பது குறிப்புகளைப் படித்து, எழுதாமல் அடக்கிக்கொண்டு, தக்க வேளைக்குக் காத்திருப்பது பெரும் உழைப்பு. அவ்வுழைப்பு எந்தப் பதவி உயர்வுக் கணக்கிலும் ஏறுவதில்லை. விரிவுரை மணி எண்ணப்படும். வெளியிட்ட கட்டுரை எண்ணப்படும். அடக்கிக்கொண்ட விடை எண்ணப்படுமா? 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் நாட்டைவிட்டுப் போன கல்விமான்களின் இடங்களையும் சேர்த்துச் சுமக்கும் ஒருவரிடம், திண்ணையிலும் வந்து அமர் என்று நாம் கேட்கின்றோம். கேட்பவர் கூலி எங்கே என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகப் பேரவைகள் இவ்வேலையைக் கற்பித்தல் மணிகளிற் சேர்த்துக்கொள்ளத் தீர்மானிக்கட்டும். அதைச் செய்யாது, "மாணவர் ஒவ்வொருவரும் கிழமைக்கு மூன்று குறிப்பு எழுத வேண்டும், குறிப்புக்கு இவ்வளவு புள்ளி" என்று சுற்றறிக்கை விடும் நிர்வாகிகளுக்குக் கிடைப்பது குறிப்புகளே, சிந்தனையன்று. "நானும் உடன்படுகின்றேன்" என்று நாற்பது பேர் எழுதிய ஒரு பக்கத்தை நானே படித்திருக்கின்றேன். கோவிற் திருவிழாவில் அரோகரா போடுவதற்கும் அதற்கும் வேறுபாடு காணேன்.

நாடுவிட்டுப் போனவர்களைப் பற்றியும் ஒரு சொல். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் நம்மவர் பேராசிரியராக இருக்கின்றனர். இங்குள்ள மாணவர் குழுக்களுக்கு அவர்கள் வருவதற்கு இன்று விமானச் சீட்டு வேண்டியதில்லை. ஆண்டுக்கொருமுறை வந்து மாலையேற்றுச் சிறப்புரை ஆற்றுவதிலும் பார்க்க, பருவத்துக்கு ஒரு குழுவைத் தெரிந்து அதன் எழுத்துகளைப் பொறுமையாகப் படித்து, முடிவுறும் வேளையில் ஒரு பக்கம் எழுதுவாராயின் அது பெரிய கொடை. அவர் கையில் இம்மாணவரின் புள்ளி இல்லை. அவரை மறுத்தெழுத மாணவர் அஞ்ச வேண்டியதில்லை என்பதே அவருடைய தனிச்சிறப்பு.

மாணவன் ஆசானிடம் எப்படிப் பழக வேண்டும் என்பதற்கும் நன்னூல் ஓர் உவமை தருகின்றது: தீக்காய்பவனைப் போல, மிக நெருங்காமலும் விட்டு நீங்காமலும். இந்த விதியை எண்ணூறு ஆண்டுகளாக மாணவனுக்கே ஓதி வருகின்றோம். நெருப்பும் தன் தூரத்தை அறிந்து எரிய வேண்டும் என்று யாராவது சொன்னார்களா?

என் நண்பருக்கு இவற்றையெல்லாம் சொன்னேன். முதலிற் சினந்தார். "அப்படியானால் பிழையாக எழுதினாலும் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறீரா?" என்றார். இல்லை, நஞ்சை மருந்தென்று ஒருவன் எழுதினால் உடனே மறுக்கத்தான் வேண்டும். ஆனால் அன்று அங்கே யாரும் நஞ்சை எழுதவில்லையே என்றேன். பேசாதிருந்தார். ஒன்பது நாள் கழித்து, செத்துக் கிடந்த அந்தச் சரத்தின் அடியில், அவர் தமிழிலேயே எழுதியிருந்ததை எனக்குக் காட்டினார்: "நான் அன்று எழுதியது பாதி விடைதான். மாரியிலும் கூடிய கிணறுகள் இரண்டு உங்கள் அட்டவணையிலேயே இருக்கின்றன. அதற்கு என்னிடம் விடை இல்லை. தம்பி, உம்முடைய ஐயா எந்த மாதத்தில் உரம் போடுகிறவர் என்று கேட்டு எழுதும்."

அன்றிரவே மறுமொழி வந்தது. அதனை இன்னொரு மாணவி மறுத்தார். அதன்பின் நண்பர் ஐந்து நாள் ஒன்றும் எழுதவில்லை. வரும் ஐப்பசியில், முதல் மழைக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும், அந்த இரண்டு கிணறுகளிலும் நீர் எடுக்கப் போகின்றார்களாம்.